ஒட்டுத்தாடியும் ஒரு சமூகத்தின் மீதான பழியும்

ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் 1749-ல் எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம் ‘யூதர்கள்’. கொள்ளையரிடமிருந்து ஒரு பிரபுவை வழிப்போக்கர் ஒருவர் காப்பாற்றுகிறார். கொள்ளையருக்குத் தாடி இருந்ததால் அவர்கள் யூதர்களே எனப் பழி விழுகிறது. (தாடியை வைத்து ஆளை எடைபோடுவது நமக்குப் புதிதல்ல.) பார்த்தால், பிரபுவின் காரியஸ்தரும் கூட்டாளியும்தான் ஒட்டுத்தாடியோடு வந்தவர்கள்! நன்றிக்கடனாகத் தம் மகளை மணமுடித்துத் தர பிரபு முன்வருகிறார். அப்போதுதான் காப்பாற்றியவரே யூதர் எனத் தெரிகிறது. திருமணப் பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது.

நாடகத்தைவிட அதற்கு வந்த விமர்சனமே நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. 1754-ல் அது அச்சானபோது, மிகாயேலிஸ் என்ற இறையியல் அறிஞர், இத்தனை நல்ல யூதர் இருப்பார் என்பது நம்பும்படியாக இல்லை என்றார். யூத சிந்தனையாளர் மோசஸ் மெண்டெல்சோன் மனம் நொந்து எழுதிய மறுப்புக் கடிதத்தை லெஸ்ஸிங்கே வெளியிட்டார்.

பின்னாளில் ‘ஞானி நாதன்’ நாடகத்தில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியையும் அவர் கண்ணியமாகப் படைத்தார். அது மேடையேறியது அவர் மறைந்த பிறகு, 1783-ல்.