வோட்டில்லாத் தலைநகரும் வீட்டுக்காரர் சங்கமும்

கோலாலம்பூர்வாசி ஒருவர் பார்லிமெண்டுக்குத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தனுப்பும் உரிமை உடையவர். ஆனால் அவர் வீட்டு வாசலில் அடைத்துக் கிடக்கும் சாக்கடை, தெருமுனையில் அணைந்து போன விளக்கு, அள்ளுவாரின்றி நாறும் குப்பை, பிள்ளைகள் விளையாடும் திடலில் ஒரு நாட்காலை வந்து நிற்கும் மண்வாரி இயந்திரம் ஆகிய இவற்றின்மீது அதிகாரம் செலுத்தும் மாநகர மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. வரி கொடுப்பவர் அவர். மேயரை நியமிப்பவர்களோ மேலே இருப்பவர்கள். இந்த இடைவெளியில் முளைத்ததே குடியிருப்போர் சங்கம். அதன் வரலாற்றை அறிய வேண்டுமாயின், வோட்டு எவ்வாறு வந்தது, எவ்வாறு போயிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1890ஆம் ஆண்டில் இந்நகருக்குச் சுகாதார போர்டு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் அங்கத்தினர் யாவரும் நியமனம் பெற்றவரே. 1948இல் நகரம் முனிசிபாலிட்டியாயிற்று. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் முதன்முதலாக ஜனங்கள் வோட்டுச் சாவடிக்குச் சென்றனர். பன்னிரண்டு ஸ்தானங்களுக்கு நடந்த அத்தேர்தலில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து நின்று ஒன்பதைப் பிடித்தன. டத்தோ ஓன் ஜாபரின் மலாயாச் சுதந்திரக் கட்சி இரண்டோடு நின்றது. பிற்காலத்தில் நாட்டையே ஆண்ட கூட்டணி, சாக்கடைக்கும் குப்பைக்கும் பொறுப்பான ஒரு நகரசபையின் தேர்தலில்தான் கருக்கொண்டது! பிள்ளை வளர்ந்து பட்டத்துக்கு வந்தபின் பெற்ற தாயை வீட்டைவிட்டு அனுப்பிய கதையாக, அந்நகரசபைத் தேர்தல்தான் முதலில் ஒழிந்தது.

1960இல் தலைநகர்ச் சட்டம் பிறந்தது. 1961 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை போய், சர்க்கார் நியமித்த கமிஷனர் ஒருவர் நகரை ஆளலானார். 1965இல், இந்தோனேசியாவுடன் மூண்ட பகைமையைக் காரணங்காட்டி, ஏனைய ஊர்களின் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. நிறுத்தி வைப்பது என்ற சொல்லுக்கு மீண்டும் எடுத்து நடத்துவது என்ற எதிர்பார்ப்பு உண்டல்லவா? அந்த எதிர்பார்ப்பை ஆராயவே அரச கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவராக விளங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர். நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் துணைத் தளபதியாயிருந்த ஜானகியின் கணவர். ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்ட அக்கமிஷன் 1968இல் தன் அறிக்கையை முடித்துக் கொடுத்தது. ஸ்தல ஆட்சி தேர்தல் வழியே நடைபெறல் வேண்டும் என்பது அதன் துணிபு. தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளில் ஊழல் இருந்ததை அது மறைக்கவில்லை. ஆயினும் நோய்க்கு மருந்து தருவதை விடுத்து நோயாளியைப் புதைப்பது முறையாகாது என்பதே அதன் போக்காக இருந்தது. சர்க்கார் இணங்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஸ்தல ஆட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. நம்மவர் ஒருவர் தலைமையில் உருவான இவ்வறிக்கையை நம் பள்ளிகளிலும் மன்றங்களிலும் பேசுவோர் மிகச் சிலரே. நடிகர் பிறந்தநாளை மறவாத நமக்கு இது மறந்து போனதில் வியப்பில்லை.

வோட்டுப் போன வீட்டில் மனு எழுதும் பழக்கம் நுழைந்தது. புதிய குடியிருப்புகள் எழ எழ, அவற்றில் 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி பதிவு பெற்ற குடியிருப்போர் சங்கங்களும் எழுந்தன. ஒரு தலைவர், ஒரு காரியதரிசி, ஒரு பொருளாளர், சிறு சந்தா, ஆண்டுக்கொரு மகாசபைக் கூட்டம். இவர்களது வேலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. மழைக்காலத்திற்கு முன் கால்வாய் தூர்வாரச் சொல்லி எழுதுவது, டிங்கிக் காய்ச்சல் பரவுங்கால் வீடு வீடாகச் சென்று பூந்தொட்டித் தண்ணீரைக் கவிழ்க்கச் சொல்வது, பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை கேட்பது, கேட்டதையே மறுபடியும் கேட்பது. பொதுத் தொண்டில் பாதி, அனுப்பிய கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருப்பதுதான்.

இதனின்று வேறானது ருக்குன் தெத்தாங்கா. அது சர்க்கார் 1975இல் விதிகள் இயற்றி ஏற்படுத்திய அண்டை அயலார் அமைப்பு. ஆண்கள் முறைவைத்து இரவுக் காவலுக்குச் செல்லுதல் அந்நாளில் கட்டாயமாயிருந்தது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கைவிளக்கின் பின்னே நடந்து, ஒரே குவளையில் காப்பி குடித்த இரவுகள் அவை. 1969ஆம் ஆண்டின் கலவரத்தை நேரில் கண்ட நகரத்திற்கு அது சிறிய காரியமன்று. எனினும் மேலிருந்து பிறந்த அமைப்பு மேலோரைக் கேள்வி கேட்டல் அரிது. கேள்வி கேட்கும் வேலை பதிவு பெற்ற சங்கங்களுக்கே எஞ்சியது.

கேட்பதற்கு ஒரு சட்டப்பிடியும் இருந்தது. 1970ஆம் ஆண்டின் கட்டட அபிவிருத்தித் திட்ட விதிகளில் ஐந்தாவது விதி, ஒரு நிலத்தின் உபயோகத்தையோ குடிநெருக்கத்தையோ மாற்ற விண்ணப்பம் வந்தால் அடுத்த நிலத்தின் சொந்தக்காரருக்கு அறிவித்து அவர் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. இவ்வுரிமை வெறும் சடங்கன்று, அதைப் புறக்கணித்தால் அயலார் நீதிமன்றம் ஏறலாம் என்று 1992இல் அன்றைய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விதி பேசுவது சொந்தக்காரரோடு. வாடகைக்கு இருப்பவனுக்கும், பிறர் நிலத்தில் தலைமுறையாக வாழ்பவனுக்கும் அதில் ஒரு வரியும் இல்லை. சங்கங்களிலும் இதே நிழல் விழுந்திருக்கிறது. பெயர் குடியிருப்போர் சங்கம். குரல் பெரும்பாலும் வீட்டுக்காரர் குரல். தெருவின் இரு முனையிலும் தடுப்புக் கம்பம் நட்டுக் காவலாளியை நிறுத்தும்போது, அத்தெருவைக் கூட்டும் கூலிக்காரனை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

இந்தக் குறையும் அந்தப் பெருமையும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட நிகழ்ச்சி புக்கிட் கியாராவில் நடந்தது. கியாராக் குன்று முற்காலத்தில் ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர். நகரம் மேற்கே நகர்ந்து வந்தபோது தோட்டம் துண்டாடப்பட்டது. ஒரு துண்டில், 1973இல் காலமான துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் பெயரால் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்னும் குடியிருப்பு எழுந்தது. மற்றொரு பகுதியைச் சர்க்கார் பொதுக் காரியங்களுக்காக எடுத்துக்கொண்டது. குதிரையேற்றத்துக்கும் கோல்ப் பந்தாட்டத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. பால்வெட்டியவர்களுக்குக் கிடைத்தது, 1980களின் தொடக்கத்தில், ரூமா பாஞ்சாங் எனப்படும் தற்காலிக வரிசை வீடுகள். ஏறத்தாழ நூறு குடும்பங்கள். நிரந்தர வீடு பின்னர் வரும் என்பது வாக்கு. தோட்டத்து லயத்திலிருந்து நகரத்து லயத்திற்கு வந்தார்கள், அவ்வளவே. அங்கே பிறந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தன் குழந்தையையும் அதே பலகைச் சுவருக்குள் தாலாட்டியது.

அவ்வீடுகளை அடுத்திருந்தது தாமான் ரிம்பா கியாரா என்னும் 25 ஏக்கர்ப் பொதுப் பூங்கா. 2004இல் வெளியான கோலாலம்பூர் அமைப்புத் திட்டம் அதைப் பொதுவெளியாகவே குறித்திருந்தது. ஆயினும் பூங்காவில் ஏறத்தாழப் பாதி நிலம் கூட்டரசுப் பிரதேச அறநிதியம் ஒன்றின் கைக்கு மாறிற்று. அவ்வறநிதியம் தனியார் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து வகுத்த திட்டத்திற்கு 2017இல் மாநகர மன்றம் அனுமதி கொடுத்தது. நாற்பது மாடிக்கு மேற்பட்ட எட்டுக் கோபுரங்கள். அவற்றின் பக்கத்தில் 29 மாடியில் 350 மலிவு வீடுகள். அந்த மலிவு வீடுகளில்தான் நீண்ட வீட்டாருக்கு இடம். வாக்கு நிறைவேறும் வழி இதுவே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

இதனால் விளைந்த வருத்தத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்போரும், அண்டையிலுள்ள அடுக்குமாடிகளின் நிர்வாகக் கழகங்களும் அனுமதியை ரத்துச் செய்யக் கோரி வழக்குத் தொடுத்தனர். நீண்ட வீட்டாரின் சங்கமோ திட்டம் நடந்தேற வேண்டுமென்று எதிர்ப்பக்கத்தில் நின்றது. ஒரே தோட்டத்து மண்ணில் எழுந்த இரண்டு குடியிருப்புகள், இரண்டு சங்கங்கள், ஒன்றுக்கு மரமும் காற்றும் வேண்டும், மற்றொன்றுக்குக் கூரை வேண்டும். வசதி படைத்தோர் தம் உலாவுமிடத்திற்காக ஏழைத் தமிழனின் வீட்டைத் தடுக்கிறார்கள் என்று பேசியவர்கள் உண்டு. அப்பேச்சில் உணர்ச்சி இருந்தது, கணக்கு இல்லை. 350 வீடு கட்டுவதற்கு எட்டுக் கோபுரம் எதற்கு? நீண்ட வீடுகள் நின்ற இடத்திலேயே அம்மக்களுக்கு வீடு கட்டித் தருவதைத் தாங்கள் எதிர்க்கவில்லையென்று குடியிருப்போர் தொடக்கமுதல் கூறிவந்தனர். ஏழையின் கூரையைப் பிணையாக வைத்துப் பொது நிலத்தைக் கேட்கும் வியாபாரத்தில், பிணை வைக்கப்பட்டவனே வியாபாரிக்காகச் சாட்சி சொல்ல நேர்ந்ததுதான் இக்கதையின் கொடுமை. அவர்களைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டு காத்தவன் முதலில் நீட்டப்படும் கையைப் பற்றுவான்.

2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் குடியிருப்போரின் மனுவைத் தள்ளியது. 2021 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டி அனுமதியை ரத்துச் செய்தது. மேயர், அறநிதியம், கம்பெனி, நீண்ட வீட்டார் சங்கம் என யாவரும் கூட்டரசு நீதிமன்றம் சென்றனர். 2023 ஏப்ரல் 18இல், நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையில் அமர்ந்த மூவர் குழு அம்மேன்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

அத்தீர்ப்பின் சாரம் நகரவாசிகள் யாவரும் அறியத் தக்கது. சட்டப்படி வெளியிடப்பட்ட அமைப்புத் திட்டம் மேயர் விரும்பினால் பார்க்கவும் விரும்பாவிடில் மூடிவைக்கவும் ஆன புத்தகமன்று. அது அவரைக் கட்டுப்படுத்தும். அதை விட்டு விலகி அனுமதி தருவாராயின், ஆட்சேபித்தவர்களுக்குக் காரணம் சொல்ல அவர் கடமைப்பட்டவர். ஆட்சேபங்களைக் கேட்டு அனுமதி அளித்த மேயரே, நிலத்தைப் பெற்ற அறநிதியத்தின் நிர்வாகிகளுள் ஒருவராகவும் இருந்தமை முரண்பட்ட நலன் எனக் கொள்ளப்பட்டது. இரண்டு ஸ்தானத்திலும் ஒருவரே அமர்ந்து தமக்குத் தாமே விண்ணப்பித்துத் தாமே அனுமதி தருவதைக் கிராமத்துப் பஞ்சாயத்தும் ஒப்பாதே! மேலும், குடியிருப்போரும் அடுக்குமாடி நிர்வாகக் கழகங்களும் இத்தகைய வழக்கைத் தொடுக்கத் தகுதியுடையவர்களே என்றும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வோட்டில்லாத நகரத்தில், சந்தாப் புத்தகமும் ரசீதுக் கட்டும் வைத்திருக்கும் ஒரு சிறு சங்கம் மேயரைக் காரணம் கேட்கலாம் என்பது உறுதியாயிற்று. ஆதி நாகப்பன் கமிஷன் தேர்தல் வழியே பெற்றுத்தர எண்ணிய பொறுப்பில் ஒரு சிறு பங்கு, 55 ஆண்டுகள் கழித்து, நீதிமன்றப் படிக்கட்டு வழியே வந்து சேர்ந்தது. ஆனால் படிக்கட்டு ஏறப் பணம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், ஆறு ஆண்டு தளராத காரியதரிசியும் வேண்டும். இம்மூன்றும் உள்ள வட்டாரங்கள் கோலாலம்பூரில் எத்தனை? செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒண்டுக்குடித்தனம் நடத்துவோர் எந்தச் சொந்தக்காரர் பட்டியலில் இருக்கிறார்கள்?

ரத்தானது கட்டட அனுமதி. நீண்ட வீட்டாருக்கு நாற்பது ஆண்டுகளுக்குமுன் கொடுத்த வாக்கு அந்த வழக்கில் வாதியுமன்று, பிரதிவாதியுமன்று. தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்று பூங்காவில் மரங்கள் நின்றன. அவற்றை அடுத்து, தற்காலிகம் என்று கட்டப்பட்ட வரிசை வீடுகளும் நின்றன.