தலைசுற்றல், தள்ளாட்டம்: காரணத்தைக் காட்டும் நேரக் கணக்கு

தலைசுற்றல் வந்தால் பித்தம் என்றோ உடல் சோர்வு என்றோ கருதி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பவர்கள் பலர். ஆனால், அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தைப் பெருமளவு கணிக்க முடியும்.

உள்காது, கண்கள், பாதங்கள் மற்றும் மூட்டுகள் அனுப்பும் தகவல்களை ஒருங்கிணைத்தே மூளை உடலின் சமநிலையைக் காக்கிறது. இவற்றில் ஒன்று பழுதானாலும் நடை தடுமாறும்.

சில விநாடிகள்: படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுழல்வது போலிருந்தால், உள்காதின் நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம்பெயர்ந்திருக்கலாம். சுழல் தலைசுற்றலுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் 'எப்லி' முறையால் மருத்துவர் இதைச் சரிசெய்வார்.

மணிக்கணக்கு: காது இரைச்சல், காது அடைப்பு, கேட்கும் திறன் குறைவு ஆகியவற்றுடன் திரும்பத் திரும்ப வந்தால் மெனியர் நோயாக இருக்கலாம்.

நாள்கணக்கு: வைரஸ் தொற்றுக்குப் பின் சமநிலை நரம்பில் ஏற்படும் அழற்சியால் கடும் சுற்றலும் வாந்தியும் சில நாள்கள் நீடிக்கும்.

எழுந்து நிற்கையில்: நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளிகளோ, கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ குறைவது மயக்க உணர்வைத் தரும். நீரிழப்பும், ரத்த அழுத்த மாத்திரைகளும் இதற்குக் காரணமாகலாம். எனினும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இருட்டில் தள்ளாட்டம்: தலை சுற்றாமல், இருட்டிலோ கண்களை மூடும்போதோ மட்டும் தடுமாறினால், கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். சர்க்கரை நோயும் வைட்டமின் பி12 குறைபாடும் இதன் முக்கியக் காரணங்கள். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டுள்ளதால், இதை முதுமையின் இயல்பு என ஒதுக்கிவிட முடியாது.

உடனடி ஆபத்து: திடீர்ச் சுற்றலுடன் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகக் கோணல், கை கால் பலவீனம், கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பிடிமானமின்றி நிற்கவே முடியாமற்போனாலும் பக்கவாதமாக இருக்கக்கூடும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பதால், தாமதமின்றி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பிற வேளைகளில், சுற்றல் வந்த நேரம், நீடித்த அளவு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுவது, சரியான சிகிச்சைக்கு உதவும்.