ஊராத்துறையின் நீதி

புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போன அன்றே, பண்ணைப் பாலம் கடந்து ஊர்காவற்றுறைக்கும் போனேன். துறையில் நின்றால் எதிரே காரைநகர். இடையே நீருக்கு நடுவில் கடற்கோட்டை. அலையில்லாத குடா. கப்பல்கள் ஏன் இவ்விடத்தைத் தேடி வந்தன என்பது பார்த்ததும் விளங்கியது.

ஊராத்துறை என்பது இதன் பழம்பெயர். முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) இத்துறைக்கென விடுத்த தமிழ்க் கட்டளை நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டில் இருக்கிறது. பிறநாட்டு வணிகர் இங்கே வந்து சேர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புண்டு. யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. அக்காலக் குதிரை வணிகத்தில் அரபுகள் முன்னின்றவர்கள். ஆகவே அந்தக் கல் நம் முன்னோரையும் நோக்கிப் பேசியது என்றே கொள்கிறேன்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர்.

கப்பல் உடைந்த அந்நியனுக்கும் பங்கு ஒதுக்கிய கரை இது. சோனகத் தெருவில் வீடிருந்தவனின் பங்கை எந்தக் கல்லில் தேடுவது?