கதை வகுப்பு முதல் கதைக்களம் வரை

இளம் எழுத்தாளர்க்குத் தலைப்பும், முதல் வரியும், ஈற்றடியும், சூழலும் கொடுத்து எழுதச் செய்யும் முறையைப் பலர் இக்காலத்துப் புதுமை என எண்ணுகின்றனர். மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து நாம் கடன் பெற்ற பயிற்சி இது என்று கூறுவாரும் உளர். 'கற்பனை உள்ளவன் தானே எழுதுவான். கற்பனை இல்லாதவனுக்குத் தலைப்புக் கொடுத்து என்ன பயன்?' என வினவுவாரும் உளர். இவ்விரு கருத்துகளும் நம் இலக்கிய வரலாற்றை உற்று நோக்கின் நிலைபெறா. தமிழ்க் கவிதை பிறந்து வளர்ந்த நெறியிலேயே இப்பயிற்சி கலந்துள்ளது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிறுகதை தனக்கெனக் கால்கொண்டதற்கும் இதுவே பெருந்துணையாயிற்று. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை மரபு

சங்க நூல்களுள் ஒன்றாகிய ஐங்குறுநூறு ஐந்து புலவர்களின் படைப்பு. மருதத்தை ஓரம்போகியாரும், நெய்தலை அம்மூவனாரும், குறிஞ்சியைக் கபிலரும், பாலையை ஓதலாந்தையாரும், முல்லையைப் பேயனாரும் பாடினர். ஒவ்வொருவருக்கும் ஒரு திணை. ஒவ்வொரு திணைக்கும் நூறு பாடல். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டது. அப்பத்துகளின் பெயர்களே நமக்கொரு பாடம். கபிலர் பாடிய குறிஞ்சியில் குரக்குப் பத்து உண்டு. கிள்ளைப் பத்தும் மஞ்ஞைப் பத்தும் உண்டு. குரங்கு என்னும் ஒரு பொருளைக் கையில் கொண்டு பத்துப் பாடல் பாட வேண்டும், அத்தனையும் காதல் ஒழுக்கத்தைப் பேச வேண்டும், ஒன்று மற்றொன்றாகிவிடலாகாது. அம்மூவனாரின் வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாடல்களும் ஒரே தொடக்கத்தை உடையன. தொடக்கம் ஒன்றாயினும் முடிவில் வெளிப்படும் உள்ளம் பாட்டுக்குப் பாட்டு வேறுபடுகின்றது. இன்று மாணவர்க்கு ஒரு தொடக்க வரியைக் கொடுத்து 'இதனைக் கதையாக வளர்த்துவா' என்கிறோமே, அதன் முன்னோடியை இப்பத்தில் காணலாம்.

அகத்துறைகளும் புறத்துறைகளும் இத்தகையனவே. பேசுபவர் இன்னார், கேட்பவர் இன்னார், நேர்ந்த சூழல் இது என்று துறை வரையறுக்கும். அதற்குள் உயிர் ஊட்டுவது புலவன் கடமை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, துறைதோறும் ஒரு வெண்பாவாக இவ்வரையறைக்குள் நின்று பாடிக் காட்டிய நூல். எல்லை வகுத்துக் கொடுத்ததனால் கற்பனை குன்றவில்லை. மாறாகக் கூர்மை பெற்றது.

பிற்காலத்தில் இது ஈற்றடி கொடுத்து வெண்பா இயற்றச் செய்யும் வழக்காக வளர்ந்தது. காளமேகப் புலவரைப் பற்றி வழங்கும் கதைகளுட் பல, ஒருவர் கொடுத்த சொல்லையோ அடியையோ கொண்டு அவர் நொடியில் பாடியதாகவே அமைந்துள்ளன. பாரதியாரை இளமையில் எள்ளி நகையாடக் கருதிய ஒருவர் ஈற்றடி ஒன்றைக் கொடுக்க, அச்சிறுவர் அதனையே கொடுத்தவர்மேல் திருப்பிப் பாடினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து புகழ்பெற்ற செய்குத்தம்பிப் பாவலர் போன்றோரின் அவதான அரங்குகளிலும், அவையோர் கேட்டவாறு பாட்டியற்றுவது ஓர் உறுப்பாக இருந்தது. பாரதிதாசனும், நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் பாரதியார் பாடச் சொன்னபோது பாடிய பாட்டினாலேயே அவரால் கவிஞராக அறிமுகம் செய்யப்பெற்றார். 'பாடு' என்று ஒருவர் கேட்பதும், அதற்கு ஒருவர் விடையிறுப்பதும் தமிழ்க் கவிதைக்குப் புதியன அல்ல.

மலாயாவில் எழுந்த தேவை

இந்நாட்டில் தமிழ்ப் புனைகதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முளைவிட்டது. 'சிங்கை நேசன்' ஆசிரியர் மகதூம் சாயபு 1888-இல் எழுதிய 'வினோத சம்பாஷணை'யை அதன் தொடக்கமாகக் கொள்வர் ஆய்வாளர். 1930-இல் வே. சின்னையாவின் கதைத் தொகுப்பு வெளிவந்தது. 1924-இல் தோன்றிய 'தமிழ் நேச'னும் 1935-இல் கோ. சாரங்கபாணி நிறுவிய 'தமிழ் முர'சும் எழுதுவோர்க்கு இடம் தந்தன. எனினும், இந்த மண்ணில் எழுதப்பட்ட கதைகளுட் பல நெடுங்காலம் தமிழகத்துக் கதைகளின் நிழலாகவே நின்றன. பால்மரக் காட்டில் வாழ்ந்தவன் காவிரிக் கரையைப் பற்றி எழுதினான். பெரட்டுக் களத்தில் விடியுமுன் நின்றவன், தான் கண்டிராத அக்கிரகாரத்துத் திண்ணையை வருணித்தான். அவன் கண்முன் இருந்த லயமும் மங்கும் காண்டாவும் எழுத்துக்கு உரியன என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

இதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன. அதற்கு மேல் தமிழில் கற்க வழியில்லை. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சி ஒரு தலைமுறையின் கல்வியையும் உயிரையும் ஒருங்கே சிதைத்தது. சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட தமிழர் பல்லாயிரவர். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1951-இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கையோ, தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் பயிற்று மொழியாகும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழ்ப் பள்ளி நிலைக்குமா என்பதே ஐயமாயிருந்த அந்நாளில், ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்த ஓர் இளைஞன் எழுத்துக் கலையை எங்கே சென்று கற்பான்? அவனுக்குக் கல்லூரியாக அமைந்தது நாளிதழ்தான்.

கதை வகுப்பு

இச்சூழலில்தான் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950-இல் 'தமிழ் நேசன்' வாயிலாகக் 'கதை வகுப்பு' என்னும் பயிற்சியைத் தொடங்கினர். கட்டடமும் கட்டணமும் இல்லாத வகுப்பு அது. சிறுகதை இன்னது, அதன் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் இவ்வாறு அமைதல் வேண்டும் என்பன போன்ற பாடங்கள் ஏட்டில் வெளிவந்தன. பயில்வோர் எழுதி அனுப்பியவை படித்து மதிப்பிடப்பெற்றன. தோட்டத்திலும் சிற்றூரிலும் தனித்திருந்த இளைஞர், தம்மைப்போல் எழுத விழையும் வேறு பலரும் நாடெங்கும் உளர் என்பதை இதனால் அறிந்தனர். இவ்வகுப்பில் பயின்றவருள் ஒருவரான மா. இராமையா, பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையே எழுதும் தகுதி பெற்றார். மாணவனே வரலாற்றாசிரியனாக உயர்ந்தது அவ்வகுப்பின் பயனுக்குத் தக்க சான்றாகும்.

சுப. நாராயணன் அத்துடன் அமையவில்லை. எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, படிக்கவும் தெரிதல் வேண்டும் என அவர் கருதினார் போலும்! 1952-இல் 'தமிழ் முரசு' இதழில் 'ரசனை வகுப்பு' நடத்தினார். கதையைச் சுவைப்பது எங்ஙனம், சிறந்ததையும் சிறவாததையும் பகுத்துணர்வது எங்ஙனம் என்பன ஆராயப்பட்டன. அதனை ஒட்டி எழுந்த விவாதங்கள் சூடானவை. சூடு தவறன்று, அதுவரை பாராட்டுரையே திறனாய்வு எனக் கொண்டிருந்த ஒரு சமுதாயம், கருத்து வேறுபாட்டை அச்சில் காணக் கற்றுக்கொண்டது.

அதே 1952-இல் 'தமிழ் நேசன்' ஆசிரியப் பொறுப்பேற்றுக் கோலாலம்பூருக்கு வந்தவர் கு. அழகிரிசாமி. 1957 வரை இங்கிருந்த அவர் இலக்கிய வட்டம் கூட்டி, இளம் எழுத்தாளரின் படைப்புகளை நேரில் படித்து ஆராயச் செய்தார். சிறுகதையின் நுட்பம் அறிந்த ஒருவரின் எதிரே அமர்ந்து தம் எழுத்தின் குறையைக் கேட்கும் பேறு அக்காலத்து இளைஞர்க்குக் கிட்டியது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியோ 'தமிழ் முரசு' வழியாக 'மாணவர் மணிமன்றம்' என்னும் அரங்கினை அமைத்தார். பள்ளிச் சிறுவரும் சிறுமியரும் தம் பெயரை முதன்முதலாக அச்சில் கண்டது அப்பக்கங்களில்தான். பின்னாளில் இரு நாடுகளிலும் ஆசிரியராகவும் கவிஞராகவும் இதழாளராகவும் விளங்கியோர் பலர் அம்மன்றத்தின் பிள்ளைகளே.

பரிசும் போட்டியும்

விடுதலைக்குப் பின் தூண்டுகோலின் வடிவம் மாறியது. வகுப்பின் இடத்தைப் போட்டி பிடித்தது. முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில் 'தமிழ் நேசன்' 1972-இல் பவுன் பரிசுத் திட்டத்தைத் தொடங்கிச் சிறந்த சிறுகதைக்குப் பொற்காசு வழங்கியது. 1980-களின் இடைப்பகுதி தொட்டு மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திவரும் சிறுகதைப் போட்டி, 'பேரவைக் கதைகள்' என்னும் தொகுதிகளாக மலர்ந்தது. 1976-இல் தோன்றிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் தன் 'கதைக்கள'த்தில் தொடக்க வரியைத் தந்து மாணவரைக் கதை எழுதச் செய்யும் முறையைக் கைக்கொண்டது. 'கவிமாலை' அமைப்போ தலைப்புக் கொடுத்துக் கவிதை பெறும் வழக்கத்தை வளர்த்தது. அம்மூவனாரின் குருகு கடல் கடந்து சிங்கப்பூரில் வந்திறங்கியது எனலாம்.

ஆயினும் வகுப்புக்கும் போட்டிக்கும் உள்ள வேற்றுமையை நாம் மறத்தலாகாது. வகுப்பு, தோற்றவனுக்கும் அவன் ஏன் தோற்றான் எனக் கூறியது. போட்டியோ வென்றவன் பெயரை மட்டுமே கூறுகிறது. பரிசு பெற்ற கதையைப் பார்த்து மறு ஆண்டு அதுபோலவே எழுதுவோர் பெருகுகின்றனர். குடிகாரத் தந்தை, கண்ணீர் வடிக்கும் தாய், இறுதிப் பத்தியில் திருந்தும் மகன் என ஓர் அச்சு உருவாகிவிடுகிறது. தூண்டுகோல் ஊன்றுகோலாகிப் பின் முடவனாக்கும் கோலாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று. போட்டி வேண்டாம் என்பது எம் கருத்தன்று. போட்டிக்குப் பின் ஒரு வகுப்பு வேண்டும் என்பதே.

எத்தகைய தூண்டுகோல் நன்று?

இவ்வரலாறு நமக்கு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, கொடுக்கும் பொருள் சிறியதாகவும் திட்டமாகவும் இருத்தல் வேண்டும். 'ஒற்றுமையே பலம்' என்று தலைப்புக் கொடுத்தால் மாணவன் அறவுரை எழுதுவான். 'பால்வெட்டு உளியை அப்பா இன்று ஏன் கழுவி வைத்தார்?' என்று கேட்டால் கதை எழுதுவான். குறிஞ்சி நிலத்தின் பெருமையைப் பத்துப் பாடலில் பாடுக என்று கபிலரை எவரேனும் பணித்திருப்பின், அக்குரங்குகளை நாம் கண்டிருக்க மாட்டோம்.

இரண்டாவது, அது மாணவன் வாழும் மண்ணிலிருந்து எழ வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த பின், இன்றைய மாணவன் லயத்தை அறியான். அவனிடம் மங்கைப் பற்றி எழுதச் சொல்வது, அன்று தோட்டத்து இளைஞனைக் காவிரிக் கரையை எழுத விட்டதற்கு ஒப்பாகும். அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில் நாள்தோறும் காணும் முகம், வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசும் தங்கை, பாட்டி இறந்தபின் எவரும் திறவாத இரும்புப் பெட்டி ஆகியனவே அவனுடைய திணையும் துறையும். பாட்டியின் பெட்டியைத் திறக்கும்போது பழைய தோட்டமும் அவன் கைக்கு வந்து சேரும்.

மூன்றாவது, எழுதியதைப் படிக்க ஒருவர் இருத்தல் வேண்டும். கதை வகுப்பின் வெற்றிக்கு அதன் பாடங்கள் மட்டும் காரணமல்ல; அஞ்சலில் வந்ததைப் பிரித்துப் படித்து, 'இவ்விடம் நன்று, இவ்விடம் தளர்ந்தது' என எடுத்துரைக்க இருவர் இருந்தனர் என்பதே தலையாய காரணம். தலைப்பைக் கொடுப்பது எளிது. விடையைப் படிப்பதே அரிய தொண்டு.

நம் கடமை

கதை வகுப்பை நடத்திய 'தமிழ் நேசன்' 2019 சனவரி 31-ஆம் நாளுடன் நின்றுவிட்டது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் நடந்த ஏடு அது. செய்தியை வேறு வழியில் பெற்றுக்கொள்ளலாம். ஆனால், முகமறியா ஓர் இளைஞனின் முதற் கதையைப் படித்துத் திருத்திய அந்த மேசையை எங்கே பெறுவது? பள்ளித் தேர்வு அவன் கட்டுரைக்கு எண் இடும். அவன் உள்ளத்திற்கு விடை கூறாது. ஆகவே அம்மேசை இனி எழுத்தாளர் சங்கங்களின் பொறுப்பு. விழாவும் மலரும் பொன்னாடையும் இருக்கட்டும். அவற்றுக்கு ஆகும் உழைப்பில் ஒரு பகுதியை, ஆண்டுக்குப் பத்து இளைஞரின் கதைகளை வரி வரியாகப் படித்துக் கருத்துரைக்க ஒதுக்குவோமாயின், அதுவே இன்றைய கதை வகுப்பாகும்.

மொழி வாழ்வது அதனைப் போற்றுவாரால் மட்டுமன்று; அதில் புதிதாக ஒன்றைச் சொல்ல முனைவோராலேயே. அவர்களை முனையச் செய்ய ஓர் அடி போதும். அந்த ஓர் அடியைக் கொடுப்பதற்கும், அவர்கள் எழுதிக் கொணர்வதைப் பொறுமையோடு படிப்பதற்கும் நம்முள் ஒவ்வொருவரும் முன்வருதல் வேண்டும்.