பாட்டை ஏற்றியவர் யார்? கையடக்க எம்பி3 பிளேயரின் வரலாறு (1979–2022)

முன்னுரை

கையோடு எடுத்துப் போகும் பாட்டுக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. வாக்மன் வந்தது, எம்பி3 பிளேயர் வந்தது, ஐபாட் வந்தது, கடைசியில் செல்போன் எல்லாவற்றையும் விழுங்கியது என்று அந்தக் கதை போகும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது, கூடுதல் பாட்டைக் கொள்வது, ஆகவே வென்றது என்பது அதன் வாதம். இதில் ஒரு கேள்வி விடுபட்டுவிடுகிறது. கடையிலிருந்து வாங்கி வந்த பிளேயர் வெறும் பெட்டி. அதற்குள் பாட்டு எப்படிப் போயிற்று? எதிலிருந்து, எவ்வளவு நேரத்தில், யாருடைய அனுமதியோடு, யார் ஏற்றினார்கள்?

பாட்டை ஏற்றும் இந்த வேலையை மையமாக வைத்து எம்பி3 பிளேயரின் வரலாற்றை இக்கட்டுரை தொடர்கிறது. ஏற்றும் வேலை யார் கையில் இருந்ததோ அவரே பாட்டுத் தொகுப்பின்மேல் நடைமுறை அதிகாரம் உடையவராக இருந்தார் என்பதும், பிளேயரின் எழுச்சியும் மறைவும் அந்த வேலை கைமாறியதை ஒட்டியே நடந்தன என்பதும் இதன் கருதுகோள்.

1. நாடாக் காலம்

சோனியின் முதல் வாக்மன், டிபிஎஸ்-எல்2, 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென் விலைக்கு வந்தது. அதில் பாட்டுக் கேட்கலாம், பதிவு செய்ய முடியாது. நாடாவில் பாட்டு ஏறும் இடம் வேறாகவே இருந்தது: இசை நிறுவனத்தின் தொழிற்சாலை, வீட்டு டேப் ரெக்கார்டர், அல்லது கடை.

தமிழ்நாட்டில் 1980களிலும் 90களிலும் அந்த இடம் தெருமுனை ரெக்கார்டிங் கடைதான். கோடு போட்ட தாளில் பாட்டின் முதலடியையும் படத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தால், 60 நிமிடக் கேசட்டின் இரு பக்கத்திலும் பதிந்து, அட்டையில் வரிசையாக எழுதித் தருவார்கள். பக்கத்துக்கு 30 நிமிடம். சினிமாப் பாட்டு என்றால் ஆறு, மிஞ்சினால் ஏழு. தேர்வு வாடிக்கையாளருடையது, ஏற்றும் வேலையும் மூலத் தொகுப்பும் கடைக்காரருடையவை.

வாக்மன் வந்த அதே 1979இல் பிரிட்டனைச் சேர்ந்த கேன் கிரேமர், நாடாவே இல்லாமல் சில்லில் பாட்டை வைக்கும் ஐஎக்ஸ்ஐ என்ற கருவியை வடிவமைத்தார். சில நிமிட இசையைத்தான் அது கொள்ளும். ஆனால் கடைகளுக்குத் தொலைபேசி வழியே பாட்டை அனுப்பி, அங்கிருந்து கருவியில் ஏற்றுவது வரைக்கும் அவர் திட்டம் போயிருந்தது. காப்புரிமையைப் புதுப்பிக்கப் பணமில்லாததால் 1988இல் அது காலாவதியானது. கருவியின் வடிவம் முன்பே பிறந்துவிட்டது. அதில் ஏற்றும் அளவுக்குப் பாட்டு இன்னும் சிறிதாகவில்லை என்பதே இதிலிருந்து தெரிவது.

2. பாட்டைச் சுருக்கியது

சிடியில் உள்ள ஒலி நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட், இடம் வலம் என இரு தடங்களில் பதிவாகிறது. நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுக்கே 50 எம்பிக்கு மேல் இடம் வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைத்தது ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் நடந்த ஆய்வு. தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்ப முடியும் என்று பேராசிரியர் டீட்டர் சைட்சர் நம்பினார். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் பிரவுன்ஹோஃபர் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதை முறையாக்கினார்கள். ஓங்கி ஒலிக்கும் ஒரு சத்தம், அதன் அருகிலுள்ள அலைவரிசையில் மெல்லியதாக ஒலிப்பதைக் காதுக்கு எட்டாமல் மறைத்துவிடும். எப்படியும் கேட்காத பகுதியைத் துல்லியமாகப் பதிவு செய்வானேன் என்பதே அடிப்படை. நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கினால் பாட்டு பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பிக்குள் அடங்கும். 1995 ஜூலை 14 அன்று அந்தக் கோப்புகளுக்கு எம்பி3 என்ற பின்னொட்டை ஆய்வுக்குழு முடிவு செய்தது.

இதனால் ஏற்றும் வேலை முதன்முறையாகச் சாதாரண வீட்டுக் கணினிக்கு வந்தது. சிடியைப் போட்டு, கோப்பாக மாற்றி, வட்டில் சேர்த்துக்கொண்டே போகலாம். மூலத் தொகுப்பு கடையிலிருந்து வீட்டுக்குப் பெயர்ந்தது.

3. ரியோ வழக்கு

கொரியாவின் சேஹான் நிறுவனம் 1998இல் வெளியிட்ட எம்பிமேன் எஃப்10தான் பரவலாக முதல் எம்பி3 பிளேயராகக் கருதப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் டயமண்ட் மல்டிமீடியாவின் ரியோ பிஎம்பி300 சுமார் 200 டாலருக்கு வந்தது. ஒற்றை ஏஏ பேட்டரியில் ஓடும், சட்டைப் பையில் அடங்கும். ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980களில் தோஷிபாவில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தில் பாட்டு இருந்ததால், சுழலும் பாகமே கிடையாது. ஓடினாலும் குதித்தாலும் பாட்டு தடுமாறாது. உள்ளே இருந்த நினைவகமோ 32 எம்பி. 128 கிலோபிட் கணக்கில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது 60 நிமிடக் கேசட்டின் ஒரே பக்கம். புதுப் பாட்டு வேண்டுமென்றால் பழையதை அழித்து, பிரிண்டரை மாட்டும் பேரலல் போர்ட் வழியே மறுபடி ஏற்ற வேண்டும்.

இந்த அரைமணி நேரக் கருவிக்கே அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் 1998 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி எதுவும் பிரதியிலிருந்து பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாட்டோடு இருக்க வேண்டும், விற்பவர் உரிமைத்தொகையும் கட்ட வேண்டும் என்பது சங்கத்தின் வாதம். விற்பனைக்கு முதலில் தற்காலிகத் தடை கிடைத்தது. அதே மாத இறுதியில் தடையை நீட்டிக்க நீதிமன்றம் மறுத்தது.

1999 ஜூன் 15 அன்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு முழுவதும் ஏற்றும் வழியைப் பற்றியதே. ரியோ எங்கிருந்து பாட்டை எடுக்கிறது? கணினியின் வட்டிலிருந்து. அந்த வட்டு, சட்டம் சொல்லும் இசைப்பதிவு ஆகுமா? ஆகாது, அதில் இசையோடு மென்பொருளும் பிற கோப்புகளும் கலந்து கிடக்கின்றன. ஆகவே ரியோ அந்தச் சட்டத்துக்குள் வரும் பதிவுக்கருவி அல்ல. தன்னிடமுள்ள பாட்டை ரியோவால் இன்னொரு கருவிக்குக் கொடுக்க முடியாது என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. ஏற்கனவே வட்டில் உள்ள பாட்டைக் கையோடு கொண்டுபோவதற்காகப் பெயர்த்துக்கொள்வது தனிமனிதப் பயன்பாடு என்றும், அது சட்டத்தின் நோக்கத்தோடு ஒத்தது என்றும் சொன்னது. கணினி இல்லாமல் இயங்க முடியாத குறைதான் கருவியைச் சட்டப்படி காப்பாற்றியது.

4. அனுமதியும் வேகமும்: சோனியும் ஆப்பிளும்

இந்தச் சந்தை இயல்பாகச் சோனிக்குப் போயிருக்க வேண்டும். வாக்மன் அதனுடையது, இசை நிறுவனமும் அதனிடம் இருந்தது. அந்த இரண்டாவது உடைமையே அதன் கையைக் கட்டியது எனலாம். 1999இன் இறுதியில் வந்த மெமரி ஸ்டிக் வாக்மன், ஏட்ராக்3 என்ற சோனியின் சொந்த வடிவத்தில் பூட்டிய கோப்புகளை மட்டுமே பாடியது. வீட்டிலிருந்த எம்பி3 கோப்புகளை மாற்றித்தான் ஏற்ற முடியும். எத்தனை பிரதி வெளியே போயிருக்கிறது என்று மென்பொருள் கணக்கு வைத்துக்கொண்டது. எம்பி3யை நேரடியாகப் பாடும் வாக்மன் வர 2004இன் இறுதி ஆயிற்று.

கொள்ளளவுச் சிக்கலுக்கு மடிக்கணினி வட்டு ஒரு விடையாக இருந்தது. காம்பாக்கின் ஆய்வகத்தில் உருவான பெர்சனல் ஜூக்பாக்ஸ் 1999இல் 5 ஜிபிக்குச் சற்றுக் குறைவான வட்டோடு வந்தது. 2000இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 ஜிபி நோமாட் ஜூக்பாக்ஸைக் கொண்டுவந்தது. ஆனால் யுஎஸ்பியின் முதல் தலைமுறை நொடிக்கு அதிகபட்சம் 12 மெகாபிட்டையே கடத்தும். ஏட்டுக் கணக்கிலேயே 5 ஜிபியை நிரப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடைமுறையில் பல மணி நேரம். வாங்கிய அன்று இரவு செருகிவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான்.

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் 399 டாலருக்கு அறிவித்த ஐபாட், தோஷிபாவின் 1.8 அங்குல வட்டில் 5 ஜிபி கொண்டிருந்தது. நான்கு நிமிடப் பாட்டு 160 கிலோபிட்டில் 4.8 எம்பி, ஆயிரம் பாட்டு என்ற விளம்பரம் அந்தக் கணக்கிலிருந்து வந்தது. அளவைவிட முக்கியம் கம்பி. நொடிக்கு 400 மெகாபிட் கடத்தும் ஃபயர்வயர் ஆயிரம் பாட்டையும் பத்து நிமிடத்துக்குள் ஏற்றியது. உள்ளே 32 எம்பி இடைநினைவகம்: வட்டு சற்று நேரம் சுழன்று அடுத்த சில பாட்டுகளை அதில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், பேட்டரி மிஞ்சும். மூன்றாண்டுக்கு முன் ரியோவின் மொத்தக் கொள்ளளவாக இருந்தது இங்கே வெறும் காத்திருப்பு அறை.

ஏற்றும் வேலையை ஆப்பிள் எளிதாக்கியதோடு ஒருவழிப் பாதையாகவும் ஆக்கியது. செருகியதும் கணினியிலுள்ள ஐட்யூன்ஸ் மென்பொருள் தானே ஏற்றும். திரும்ப இறக்க வழி வைக்கவில்லை. ஐபாடை வட்டாகத் திறந்து பார்த்தால் பாட்டுக் கோப்புறை கண்ணுக்குத் தெரியாது. பிற்கால மாடல்களில் அதைத் தேடிப் பிடித்தாலும் எஃப்00, எஃப்01 என்ற அறைகளுக்குள் நான்கெழுத்துப் புதிர்ப் பெயரில் கோப்புகள் சிதறிக் கிடக்கும். 2003 ஏப்ரல் 28 அன்று பாட்டு 99 சென்ட் என ஐட்யூன்ஸ் கடை திறந்தபோது, விற்பதும் ஏற்றுவதும் ஒரே கைக்கு வந்தன. 2008 நிதியாண்டில் 5 கோடியே 48 லட்சம் ஐபாடுகள் விற்றன, அதுவே உச்சம்.

5. கணினி இல்லாத வீடுகள்

மேற்சொன்ன வரலாறு வீட்டில் கணினி இருப்பதை எடுத்துக்கொண்டே பேசுகிறது. அது இல்லாத தமிழ்நாட்டு வீடுகளில் பழைய ரெக்கார்டிங் கடையின் பணி மறைந்துவிடவில்லை, கருவியை மாற்றிக்கொண்டது. முதலில் எம்பி3 சிடி. 700 எம்பி வட்டு ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு, பெரும்பாலும் இசையமைப்பாளர் வாரியாக. அதன்பின் செல்போனிலும் மலிவான சீன எம்பி3 பிளேயர்களிலும் செருகும் மெமரி கார்டு. ரீசார்ஜ் கடையில் கார்டைக் கழற்றிக் கொடுத்து, “பாட்டு ஏத்திக் குடுங்கண்ணே” என்றால் போதும். கடைக் கணினியில் பாடகர், இசையமைப்பாளர், சோகம், குத்து என்று கோப்புறைகள் தயாராக இருக்கும். பதிப்புரிமை அனுமதி பெற்ற வணிகமாக இது பெரும்பாலும் இல்லை. பாட்டு ஓடும்போது பாடகர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்தின் முகவரி ஓடும்.

கேசட் காலத்தோடு ஒப்பிட்டால் ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. அன்று பன்னிரண்டு பாட்டுக்காக வாடிக்கையாளர் யோசித்துப் பட்டியல் எழுதினார். கார்டில் இடம் தாராளமாக இருந்ததால் பட்டியல் போய்க் கோப்புறை வந்தது; தேர்வும் கடைக்காரரிடம் சேர்ந்தது. ஒரே கடையில் ஏற்றிய பத்துப் பேர் கார்டிலும் அதே இளையராஜா தொகுப்பு, அதே வரிசையில்.

6. ஏற்றத் தேவையில்லாத பாட்டு

ஏற்றும் வேலையை இரு திசைகளில் இரு தயாரிப்புகள் முழுதாக ஒழித்தன. ஒன்று, பழைய எச்எம்வியின் வாரிசான சரிகம நிறுவனம் 2017இல் வெளியிட்ட கேரவான். 5,000 பழைய பாட்டுகளை உள்ளேயே வைத்து, ரேடியோ போன்ற உருவத்தில் அது வந்தது. தமிழ்ப் பாட்டுகளுக்கெனத் தனிப் பதிப்பும் உண்டு. கணினியோ கடையோ வேண்டாம் என்பதால் முதியவர்களுக்குப் பரிசளிக்கும் பொருளாக அது பரவியது. பாட்டின் உரிமையாளரே ஏற்றுபவரும் ஆனார்.

மற்றொன்று ஸ்ட்ரீமிங். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபின் இந்தியாவில் அது பெருவழக்கானது. ஸ்பாட்டிஃபை 2019இல் இங்கே வந்தது. அதில் பதிவிறக்கிய பாட்டும் செல்போனில்தான் இருக்கிறது. ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் அது பாடாது. 2017 ஏப்ரலில் எம்பி3க்கான உரிமத் திட்டத்தை பிரவுன்ஹோஃபர் முடித்துக்கொண்டது. 2022 மே 10 அன்று கடைசி ஐபாடான ஐபாட் டச்சை நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது.

முடிவுரை

இந்த ஆய்விலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவது, பிளேயர்களின் வெற்றியைக் கொள்ளளவு மட்டும் தீர்மானிக்கவில்லை. ஐபாடுக்கு முன்பே அதற்கு இணையான வட்டுகளோடு பிளேயர்கள் இருந்தன. சோனியிடம் அதைவிட நேர்த்தியான சிறிய கருவி இருந்தது. ஒன்றை வேகம் தடுத்தது, மற்றொன்றை அனுமதி தடுத்தது. இரண்டாவது, ரியோ தீர்ப்பு காத்தது ஒரு கருவியை என்பதைவிட ஒரு பாதையை: கேட்பவரின் வட்டிலிருந்து அவருடைய பைக்குப் போகும் பாதை. மூன்றாவது, அந்தப் பாதை கேட்பவரின் கையில் முழுமையாக இருந்த காலம் மிகக் குறுகியது, கணினி உள்ள வீடுகளுக்கு மட்டுமே வாய்த்தது. மற்றவர்களுக்கு ரெக்கார்டிங் கடை, மெமரி கார்டுக் கடை, செயலி என்று ஏற்றுபவர் எப்போதும் வேறொருவராகவே இருந்தார். ஆகவே ஸ்ட்ரீமிங்கால் நாம் உடைமையை இழந்தோம் என்ற பொதுவான வருத்தம், ஐபாட் வாங்க முடிந்தவர்களின் அனுபவத்தை எல்லோர் மீதும் ஏற்றிச் சொல்வது. தமிழ்நாட்டில் எம்பி3யின் வரலாற்றை எழுதப் புகுபவர் பிளேயர்களைச் சேகரிப்பதோடு நிற்காமல், பாட்டு ஏற்றிக் கொடுத்த கடைகளின் பட்டியல் தாள்களையும் கோப்புறைகளையும் ஆவணமாகத் தேட வேண்டும்.