கைகளைப் பிடித்திருப்பவர்கள் யார்?



பாங்க்ஸி என்னும் புனைபெயரால் அறியப்படும் இங்கிலாந்துத் தெரு ஓவியர், 2004ஆம் ஆண்டில் ‘நேபாம்’ என்ற போர் எதிர்ப்புப் படத்தை ஸ்கிரீன் பிரிண்ட் முறையில் அச்சிட்டு வெளியிட்டார். கையொப்பமிட்ட பிரதிகள் 150, கையொப்பமிடாதவை 500. அப்படத்தின் நடுவே ஆடையின்றிக் கதறும் ஒரு சிறுமி. அவளுடைய ஒரு கையை மிக்கி மவுஸும், மறு கையை மெக்டொனால்ட்ஸ் உணவகக் கோமாளியும் பிடித்திருக்கிறார்கள். இருவர் முகத்திலும் புன்னகை. பின்னணியில் சாலை இல்லை, புகை இல்லை, படைவீரரும் இல்லை.

அந்தச் சிறுமி கற்பனைப் பாத்திரம் அல்ல. அவள் பெயர் கிம் ஃபூக். 1972ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், தென் வியட்நாமின் டிராங் பாங் கிராமத்தில், தென் வியட்நாம் விமானம் ஒன்று நேபாம் குண்டுகளை வீசியது. தோலில் ஒட்டிக்கொண்டு எரியும் அந்தத் தீயில் ஒன்பது வயதுச் சிறுமியின் ஆடை எரிந்தது. முதுகும் இடக்கையும் வெந்தன. அவள் சாலையில் ஓடிவந்த காட்சியை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளியிட, உலகமே அதிர்ந்தது. அங்கிருந்த புகைப்படக்காரர் நிக் ஊட் அவளை வேனில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார். அவள் பிழைத்தது அதனால்தான். பதினான்கு மாதங்கள் அவள் மருத்துவமனையில் இருந்தாள்.

பாங்க்ஸி சொல்ல வந்தது எளிது: ஒரு கையால் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் வல்லரசின் மறு கையில் நெருப்பு இருந்தது. ஆயினும் அன்பானவர்களே, கிம் ஃபூக்கின் பின்னாளைய வாழ்வைப் படித்தவர்களுக்கு இப்படம் இன்னொன்றையும் சொல்லும். மருத்துவம் பயில விரும்பிய அவரை, வியட்நாம் அரசு படிப்பிலிருந்து நிறுத்தி, வெளிநாட்டுச் செய்தியாளர் முன் போரின் சின்னமாக நிறுத்தியது. அவர் கையைப் பிடித்தவர்கள் பலர். அவர் காயத்தைக் கேட்டவர்கள் சிலரே.

அந்நாட்களில், 1982ஆம் ஆண்டு, சைகோன் நூலகம் ஒன்றில் அவர் புதிய ஏற்பாட்டை எடுத்து வாசித்தார், கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். 1992இல், மாஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில் விமானம் கனடாவில் நின்றபோது, கணவரோடு இறங்கி அடைக்கலம் கேட்டார். 1996ஆம் ஆண்டு நவம்பரில், வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் நினைவிடத்தில் முன்னாள் படைவீரர்கள் முன் நின்று மன்னிப்பைப் பற்றிப் பேசினார். மறு ஆண்டே, போரில் காயமுற்ற பிள்ளைகளுக்கு உதவ ஓர் அறக்கட்டளையை நிறுவினார். வலி அவரை விட்டு நீங்கவில்லை; தழும்புகளும் நீங்கவில்லை. மன்னிப்பு அவற்றை அழிக்கவில்லை. வெறுப்பின் பிடியிலிருந்து அவரை விடுவித்தது.

நல்ல சமாரியனின் உவமையை நீங்கள் அறிவீர்கள். காயப்பட்டவனை மூவரும் கண்டார்கள். ஒருவனே அருகே வந்து காயம் கட்டினான். இன்று நம் கைப்பேசியிலும் நாள்தோறும் எரியும் கிராமங்கள் வருகின்றன. பார்க்கிறோம், பகிர்கிறோம், கடந்துபோகிறோம். அச்சுப் பிரதிகளுக்கு எண்ணிக்கை உண்டு. ஏலத்தில் விலையும் உண்டு. அதிலிருக்கும் பிள்ளைக்கோ பிரதி இல்லை. தேவன் அவளை ஒருத்தியாகவே படைத்தார், பெயர் சொல்லி அறிந்திருக்கிறார்.

இந்த வாரம் போர்ச்செய்தி ஒன்றைக் காணும்போது, அதிலுள்ள ஒருவரின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். உங்கள் கை எட்டும் தூரத்தில் காயப்பட்டவர் இருந்தால், அருகே செல்லுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.