கொடியேற்றமும் கைக்குழந்தையும்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2004இல், கைக்குழந்தைகளோடு பெற்றோர் போய் ஆடும் பகல்நேர டிஸ்கோ ஒன்று தொடங்கியது. கல்முனைக்குடி ஆக்களுக்கு இது பெரிய புதினமில்ல. ஏறக்குறைய 200 வருஷமா நம்ம கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஒலியுல்லாஹ் பேரில் கொடி ஏறுகிறது. 12 நாள் பறக்கும். பக்கீர்மாரின் றபான் ஒலிக்கும். இடுப்பில் பிள்ளையோட உம்மாமார் கூடுவார்கள். விளையாட்டுச் சாமான் கடைகள் நிறையும்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையைச் சிதைத்தது. பிறகும் கொடி ஏறியது.

மார்க்கத்தில் இல்லாதது என்று மறுப்போரும் நம்ம ஊரிலேயே உண்டு. அந்த வாதம் நடக்கட்டும். ஆனால் கொடியை இறக்கச் சொல்லுமுன் ஒன்றைக் கேட்போம்: தாயும் பிள்ளையும் சேர்ந்து சந்தோஷப்பட ஊரில் வேற எந்த இடம் இருக்கு?